நௌகா பாபுவின் பதின்மூன்று நரம்புகள்

கல்கத்தாவில் சத்தம் போடாமல் சண்டை போட்டு, அதில் ஜெயித்தும் காட்டிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பவானிபூரில் எங்கள் மெஸ்ஸில் ஒரு வருஷம் சாப்பிட்டார். அந்த ஊரில் மீன் விற்பவன் கத்துவான். வாங்குகிறவன் அதற்கு மேல் கத்துவான். இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆசாமி நியாயம் சொல்ல வந்து, அவர்கள் இருவரையும் மிஞ்சிக் கத்துவான். இவர் மட்டும் கோபம் வர வரக் குரலைத் தணித்துக்கொண்டே போவார். லேசான கோபம் என்றால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். கடுங்கோபம் என்றால் உதடு அசைவது மட்டும் தெரியும். எதிராளி "என்ன சொன்னீர்?" என்று குனிந்து காதை நீட்டியாக வேண்டும். குனிந்தவன் எங்கே சண்டை போடுவது?

அப்போது தலைநகரை டில்லிக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. சணல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. தஞ்சாவூர்ப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம், பாலக்காட்டுப் பக்கம் என்று பதினோரு தமிழ்க் குமாஸ்தாக்கள் சேர்ந்து ஒரு மாடிவீட்டில் மெஸ் நடத்தினோம். சமையலுக்குப் பாலக்காட்டு சாமா. நிர்வாகத்துக்கு ஒரு செக்ரட்டரி. அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. ஆனால் செக்ரட்டரி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். மெஸ்ஸுக்கு இருபத்தேழு விதிகள் எழுதி, கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். அதில் பதினான்காவது, தும்மல் வந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது.

ஆடி மாதத்து மழையில் ஒரு நாள் காலையில் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. தகரப் பெட்டி வண்டியின் தலைமேல் நனைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு மனிதர், மடியில் கம்பளியால் சுற்றிய எதையோ குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது அவர் நனைந்தார், கம்பளி நனையவில்லை. வண்டிக்காரன் உதவிக்குக் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே எங்களிடம், "பாபு நௌகா கொண்டுவந்திருக்கிறார்" என்றான். வங்காளத்தில் நௌகா என்றால் படகு. அன்றையிலிருந்து அவர் நௌகா பாபு. சொந்தப் பெயரைச் சொல்லித்தான் மெஸ்ஸில் சேர்ந்தார். எனக்கே அது மறந்து போய்விட்டது.

கம்பளியைப் பிரித்தபோது வண்டிக்காரன் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. சின்ன மரப் படகு. மேலே மான் தோல் போர்த்தி, சிவப்பு அரக்கு பூசியிருந்தது. படகின் ஒரு முனையிலிருந்து வளைந்த கழுத்து ஒன்று அன்னம் மாதிரி எழுந்து நின்றது. அந்தக் கழுத்துக்கும் தோலுக்கும் நடுவே பதின்மூன்று பட்டு நரம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புக் குஞ்சம்.

செக்ரட்டரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னங்காணும் இது?"

"சவுங். பர்மா வாத்தியம். நான் மோல்மேன்லே தேக்கு மரக் கம்பெனியிலே ஆறு வருஷம் இருந்தேன். இப்போ ஒரு வருஷத்துக்கு இங்கே மாத்தியிருக்கா."

"ஓஹோ, நம்ம யாழ்! கப்பலேறிப் போயிடுத்துன்னு சொல்வா. அதானே?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இதுக்கு சவுங்னு ஒரு பேர் இருக்கு. நீர் இன்னொரு பேர் வைக்காதேயும்."

இதைச் சொல்லும்போதே அவர் குரல் ஒரு படி இறங்கியது. செக்ரட்டரி விடவில்லை. "மேலே தோல் போத்தியிருக்கே? ஆசாரமான இடம் ஓய். தோல் சாமானை எப்படி உள்ளே விடறது?"

நௌகா பாபுவின் உதடுகள் அசைந்தன. செக்ரட்டரி குனிந்து காதை நீட்டினார்.

"மான் தோல் ஓய். நீர் உக்காந்து ஜபம் பண்றதும் அதுதானே?"

செக்ரட்டரி நிமிர்ந்தார். அன்றைக்கே விதிகள் இருபத்தெட்டாயின: 'தோல் சாமான் கூடாது, மான் தோல் நீங்கலாக.'

கல்கத்தா மழை பெரிய சங்கீத விரோதி. தோல் தொய்ந்துவிடும்; பட்டு நரம்பு நமுத்துப் போகும். நௌகா பாபு வாத்தியத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோய், அடுப்புக்குப் பத்தடி தள்ளி ஒரு முக்காலியில் உட்கார வைப்பார். சாமா அதற்கும் சேர்த்துப் பேச்சுக் கொடுத்தபடி குழம்பு வைப்பான். சுருதி சேர்ப்பது அதைவிடப் பெரிய வேலை. அதற்கு முறுக்காணி கிடையாது. கழுத்தில் சுற்றிய கயிற்றை ஒவ்வொன்றாகத் திருகி ஏற்ற வேண்டும். பதின்மூன்றாவது நரம்பு வழிக்கு வருவதற்குள் முதல் நரம்பு கோபித்துக்கொண்டு இறங்கிவிடும். அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

ஒரு தடவை சவுங்கோடு டிராமில் முதல் வகுப்பில் ஏறினார். சாமானை வைத்துக்கொண்டு முதல் வகுப்பில் உட்காரக் கூடாது என்றான் கண்டக்டர். நௌகா பாபு ஏதோ சொன்னார். கண்டக்டர் குனிந்தான். "இது சாமான் இல்லை, பாசஞ்சர்" என்று சொல்லி, சவுங்குக்கு ஒரு தனி டிக்கெட் வாங்கி, அதன் குஞ்சத்தில் செருகி வைத்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பரிசோதகர் இரண்டு டிக்கெட்டையும் பார்த்து, இரண்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலில் ஒட்டியிருந்த விளம்பரத்தை ஆறு முறை படித்தேன்.

இனி டாக்டர் பாபுவைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் கோடியில் ஹோமியோபதி வைத்தியம் பார்த்த வங்காளி. நோயாளிகள் குறைவு, வயலின்கள் அதிகம். அவருடைய முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு வாத்தியக் கோஷ்டி கூடும். எட்டு வயலின், வில் போட்டு வாசிக்கும் வங்காள எஸ்ராஜ் மூன்று, ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் ஏலத்தில் விட்டுப்போன ஆளுயர செல்லோ ஒன்று. ஆகப் பன்னிரண்டு வில். ஊரில் இரண்டு வருஷம் வயலின் கற்றுக்கொண்ட தைரியத்தில் நானும் அதில் எட்டாவது வயலின். ஒன்பதாவது இல்லாததால் கடைசி. டாக்டர் பாபு கையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு தாளம் போடுவார். அவர் பேசுவதே கத்தல். கத்துவது என்றால் எதிர்வீட்டு ஜன்னலைச் சாத்துவார்கள்.

துர்கா பூஜை முடிந்து, பனி இறங்கத் தொடங்கியதும் நான்தான் நௌகா பாபுவை அங்கே அழைத்துக்கொண்டு போனேன். சவுங்கைக் கண்டதும் டாக்டர் பாபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு எதைக் கண்டாலும் கலங்கும்.

"ஆஹா! இந்த மாதிரி ஒண்ணை நம்ம கோஷ்டியில் சேர்த்தால், வடக்குக் கல்கத்தாக்காரன் ஒருத்தனாவது இனிமேல் வாயைத் திறப்பானா? சரஸ்வதி பூஜைக்கு ஜமீன்தார் வீட்டு முற்றத்தில் வாசிக்கிறோம். நீங்களும் வாசிக்கிறீங்க மொஷாய்!"

மொஷாய் என்றால் ஐயா என்று அர்த்தம். அன்றைக்கு அவர் அதை நாற்பது முறையாவது சொல்லியிருப்பார்.

நௌகா பாபு மூன்று மாதமாக மனசுக்குள் வைத்திருந்த ஒரு பர்மியப் பாட்டைச் சொன்னார். ஆற்றில் படகு தள்ளுகிறவர்கள் பாடுகிற பாட்டு. நாங்கள் பன்னிரண்டு பேரும் அதைக் காதால் பிடித்து, அரை மணியில் கற்றுக்கொண்டோம். பிறகு எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். தெர்மாமீட்டர் காற்றில் பறந்தது. செல்லோ உறுமியது. முடிந்ததும் டாக்டர் பாபு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அபாரம்! நீங்க எப்போ ஆரம்பிக்கப் போறீங்க மொஷாய்?"

"நான் வாசிச்சு முடிச்சுட்டேன்" என்றார் நௌகா பாபு.

எங்களில் ஒருவருக்கும் அதில் ஒரு நரம்பு கூடக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் அவரை முன்னால் உட்கார வைத்தோம். கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் மேஜை மேல் உட்கார வைத்தோம். கேட்கவில்லை, நன்றாகத் தெரிந்தார், அவ்வளவுதான். அத்துடன் இன்னொரு சங்கடமும் இருந்தது. அவருடைய நரம்புகளில் இரண்டு மூன்று, எங்கள் சுரங்களுக்கு நடுவே எங்கேயோ நின்றன. டாக்டர் பாபு, "கொஞ்சம் ஏத்துங்க, ஏத்துங்க" என்று விடாமல் சொன்னார். நௌகா பாபு கயிற்றைத் திருகினார். அவர் முகத்தில் இஷ்டமில்லாதது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது திருகலில் 'டப்' என்று ஒரு நரம்பு அறுந்தது. அன்றைக்கு அவர் செய்த சத்தங்களில் எல்லோருக்கும் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் அறுந்த நரம்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சவுங்கைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

நாலாவது வாரம் மோல்மேனிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அதுதான் வினை. மெஸ்ஸுக்கு வரும் தபாலைப் பிரித்துக் கொடுப்பது செக்ரட்டரியின் உரிமை, விதி ஆறு. நாங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவர் பார்சலோடு வந்தார். ஒரு ஓரம் கிழிந்து, உள்ளே பட்டு நரம்புச் சுருள்கள் தெரிந்தன. கூடவே, வட்டம் வட்டமாக ஜிலேபி பிழிந்த மாதிரி எழுத்தில் ஒரு கடிதம். அனுப்பியவர் பெயர் மட்டும் மேலே இங்கிலீஷில் இருந்தது. செக்ரட்டரி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மா... மி... யா. மாமியாரா? பேஷ். உமக்கு மாமியார் இருக்காளா ஓய்? சொல்லவே இல்லையே!"

பந்தியில் சிரிப்பு எழுந்தது. நௌகா பாபு தண்ணீரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாமியார் இல்லை ஓய். மா மியா. அவ பேரே அதான். என் ஆத்துக்காரி."

அன்று அவர் தணிந்த குரலில் பேசவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பிசிறில்லாமல் சொன்னார். சிரிப்பு அப்படியே நின்றது. சாமாவின் கையிலிருந்த கரண்டியிலிருந்து ரசம் சொட்டிக்கொண்டிருந்தது.

"பர்மாக்காரியா?" என்றார் செக்ரட்டரி.

"ஆமாம்."

"கல்யாணம் பண்ணிண்டா?"

"வேறெப்படி ஓய் ஆத்துக்காரி ஆவா?"

அன்று மாலையே கூட்டம் போட்டார்கள். நௌகா பாபுவை வெளியே அனுப்ப வேண்டும் என்றார்கள் சிலர். மழையில் வந்த மனிதரைக் குளிரில் அனுப்புவது பாவம் என்றார்கள் சிலர். கடைசியில், அவர் மெஸ்ஸில் இருக்கலாம், பந்தியில் உட்காரக் கூடாது, வெராந்தாவில் தனியாகச் சாப்பிட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. கையைத் தூக்காதவர்கள் மூன்று பேர். எதிர்த்துப் பேசியவர் யாருமில்லை. கையைத் தூக்காத மூவரில் நான் ஒருவன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வாயைத் திறந்திருக்கலாம். இப்போது எனக்கு வயதாகிவிட்டது. பேசிய பேச்சுக்களில் பாதி மறந்துவிட்டது. அன்றைக்குப் பேசாமல் இருந்தது மட்டும் மறக்கவில்லை.

அவரிடம் போய்ச் சொன்னபோது, "சரி ஓய்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் சாமா சாதப் பாத்திரத்தோடு வந்தவன், பந்தியைத் தாண்டி நேரே வெராந்தாவுக்குப் போனான். முதல் கரண்டி அங்கேதான் விழுந்தது. செக்ரட்டரி கேட்டதற்கு, "அங்கே காத்துலே சாதம் ஆறிடறது சாமி" என்றான். மூன்றாம் நாள் நான் என் இலையை எடுத்துக்கொண்டு போய் வெராந்தாவில் அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். நௌகா பாபு என்னைப் பார்த்தார். "இங்கே காக்கா தொந்தரவு ஜாஸ்தி. இலையைப் பாத்துக்கோ" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. மெஸ்ஸில் வேறு யாரும் வெராந்தாவுக்கு வரவும் இல்லை.

அந்த வெராந்தாவில்தான் எனக்குச் சங்கதி தெரிந்தது. சவுங் அவருடையதே இல்லை, மா மியாவுடையது. அவள்தான் வாசிப்பவள். இவர் மாலை வேளைகளில் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து விரல் பழகியவர்.

"மோல்மேன்லே நம்ம ஜனங்க நிறையப் பேர் ஓய். அங்கே ஒரு கல்யாணம் பண்ணிக்க வேண்டியது. அப்புறம் லீவுன்னு ஊருக்குப் போக வேண்டியது. போனவா திரும்பறதில்லை. அவ தெருவிலேயே அப்படி நாலு பேர் துறைமுகத்தைப் பாத்துண்டு நிக்கறா. எனக்கு மாத்தல் வந்ததும் அவ அழலை, சண்டை போடலை. இதைக் கொண்டுவந்து என் மடியிலே வெச்சா."

"எதுக்கு? நீங்க வாசிக்கவா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். 'நீ திரும்பி வருவியோ மாட்டியோ, எனக்குத் தெரியாது. ஆனா இது எங்கம்மாவோடது. இதைத் திருப்பிக் கொண்டாந்து குடுக்காம இருக்கற ஆள் நீ இல்லை' அப்படின்னா."

நான் காக்காயை விரட்டினேன்.

"ஒரு வருஷத்துக்கு அவளுக்கு வாத்தியம் கிடையாது. கை சும்மா இருக்க, 'அவன் திரும்ப மாட்டான்'னு ஜனங்க சொல்றதைக் கேட்டுண்டிருப்பா. அதனாலேதான் இங்கே அது ஊமையா இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். நாலு பேரோட சேர்ந்து வாசிச்சதுன்னு எழுதணும் அவளுக்கு. நன்னா வாசிச்சதுன்னு."

நான் உடனே ஒரு தப்பு செய்தேன். மறுநாள் டாக்டர் பாபுவிடம் போய் இதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு கைக்குட்டை நனைய அழுதார். அழுது முடித்ததும், ஞாயிற்றுக்கிழமை கூடிய கோஷ்டியைப் பார்த்துத் தெரு அதிரக் கத்தினார்.

"கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் காதைக் கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா! நீங்க இங்கே மாட்டுச் சந்தை நடத்துறீங்க!"

சந்தையில் அதிகச் சத்தம் போட்டவர் யார் என்பதை யாரும் சொல்லத் துணியவில்லை. அவரே வெராந்தாவுக்கு வந்து நௌகா பாபுவின் கையைப் பிடித்தார். "வாங்க மொஷாய். இனிமேல் நீங்க வாசிக்கும்போது நாங்க யாரும் வில்லையே தொடமாட்டோம். மொத்த கோஷ்டியும் சும்மா இருக்கும். சத்தியம்."

நான் ரகசியத்தைச் சொன்னதற்காக நௌகா பாபுவுக்கு என்மேல் எவ்வளவு கோபம் என்பது, அடுத்த இரண்டு நாள் அவர் பேசியது எதுவும் எனக்குக் கேட்காததிலிருந்து தெரிந்தது. ஆனால் டாக்டர் பாபுவிடம் அவர் சொன்னது கேட்டது.

"வேண்டாம் டாக்டர். நீங்க எல்லாரும் நிறுத்திட்டா அது சேர்ந்து வாசிக்கறது இல்லை, வழிவிடறது. பாவம்னு நினைச்சு யாரும் எனக்கு வழிவிட வேண்டாம். நீங்களும் வாசிக்கணும், நானும் வாசிக்கணும். வாசிக்கறவா ஒருத்தரை ஒருத்தர் கேக்கணும். அவ்வளவுதான்."

"எப்படி முடியும் மொஷாய்? எங்க சுரமே வேறயாச்சே!"

"உங்க வயலினுக்கு நாலு நரம்பு. எனக்குப் பதின்மூணு. யார் யாருக்காக இறங்கி வரது சுலபம்?"

டாக்டர் பாபு யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் சுருதிக்கு வைத்திருந்த ஹார்மோனியத்தைப் பூட்டி வைத்தார். எட்டு வயலினும் மூன்று எஸ்ராஜும் செல்லோவும் சவுங்கின் சுருதிக்கு இறங்கின. வில் முழுதும் இழுக்கக் கூடாது, நுனி நாலு விரற்கடைதான் என்று சட்டம் போட்டார். அப்படியும் வயலின் சத்தம் மிஞ்சியது. அப்போது அவருக்கு ஒரு ஞானோதயம் வந்தது. அலமாரியைத் திறந்து, மருந்துக் குப்பிகளின் தக்கைகளைப் பிடுங்கினார். ஒவ்வொரு தக்கையிலும் ஒரு கீறல் போட்டு, ஒவ்வொரு வயலினிலும் நரம்புகளைத் தாங்கும் பிரிட்ஜில் செருகினார். வயலின்கள் தலையணைக்குள் வாயை வைத்துப் பாடுகிற மாதிரி பாடின. என்னுடைய தக்கையில் கற்பூர வாசனை அடித்தது. அந்த மாதம் பவானிபூரில் எத்தனை குப்பி மருந்து ஆவியாகிப் போயிற்று என்று தெரியாது. நோயாளிகள் பலர் தானாகவே குணமடைந்தார்கள்.

முதலில் எங்களுக்குப் பிடிக்கவில்லை. உரக்க வாசித்தே பழகிய கைக்கு மெதுவாக வாசிப்பது, ஓடுகிறவனை ஊசி கோக்கச் சொன்ன மாதிரி. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் திடீரென்று அது நடந்தது. நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே சுரத்தை நீளமாக, மூச்சு விடுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தோம். அதன் மேல் சவுங் ஒவ்வொரு துளியாகச் சொட்டியது. அந்தத் துளி விழுகிற இடம் எனக்குக் கேட்டது. அப்புறம் பக்கத்து வயலின் கேட்டது. அதுவரைக்கும் இரண்டு வருஷமாக அந்த அறையில் என் பக்கத்தில் வாசித்தவர் என்ன வாசிக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

டாக்டர் பாபு தெர்மாமீட்டரைக் கீழே வைத்துவிட்டு, கத்தாமல், "இன்னொரு தரம்" என்றார்.

சரஸ்வதி பூஜையன்று ஜமீன்தார் வீட்டு முற்றத்தில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் மஞ்சள் உடுத்தியிருந்தார்கள், எல்லோரும் பேசினார்கள். மேல்மாடியில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் பெண்கள். சங்கு ஊதுகிறவர் நிறுத்துவதாக இல்லை. நாங்கள் ஆரம்பித்தது யாருக்கும் தெரியவில்லை. நௌகா பாபு நடுவில் சம்மணம் போட்டு, சவுங்கை மடியில் வைத்துக்கொண்டு, முந்நூறு பேருக்கு எதிரில் முணுமுணுக்கிற மாதிரி வாசித்தார்.

முன்வரிசையில் ஒருவர் "என்ன?" என்று குனிந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் குனிந்தார். ஒரு வரிசை பேச்சை நிறுத்தியது. பின்வரிசை, இவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று பார்க்க நிறுத்தியது. அப்படியே பின்னால் பின்னால் போய், கடைசியில் சங்கு ஊதுகிறவர் ஊதலின் பாதியில் கன்னத்தை உப்பியபடி நின்றார். கல்கத்தாவில் முந்நூறு பேர் சும்மா இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து என் தக்கை பிய்த்துக்கொண்டு பறந்து, டாக்டர் பாபுவின் மூக்குக் கண்ணாடியில் பட்டு விழுந்தது. என் வயலின் மட்டும் தனியாகக் 'கீ' என்று அலறியது. நான் உயிர் போனவன் மாதிரி வில்லைத் தூக்கிவிட்டேன். நௌகா பாபு வாசித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். கோபமில்லை. 'வா, வாசி' என்று புருவத்தை மட்டும் அசைத்தார். தக்கை இல்லாமலே, வில்லின் நுனியை நரம்பில் வைத்துத் தொட்டும் தொடாமலும் இழுத்தேன். கடைசி வரைக்கும் அது போதுமாக இருந்தது.

பாட்டு முடிந்தும் யாரும் கை தட்டவில்லை. முடிந்ததா என்று தெரியவில்லை அவர்களுக்கு. மேலே மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து வயதான ஒரு பெண்குரல் வந்தது. "ஆர் ஏக்பார்." இன்னும் ஒரு தடவை. பிறகுதான் கைதட்டல். நாங்கள் முழுப் பாட்டையும் இன்னும் ஒரு தடவை வாசித்தோம்.

கூட்டம் கலையும்போது, தூண் ஓரமாக செக்ரட்டரி நிற்பதைப் பார்த்தேன். முருங்கைக்காய் வாங்க இந்த வழியாகப் போனாராம். முருங்கைக்காய் விற்கிற கடைக்கு நேர் எதிர்த்திசையில் மூன்று தெரு தள்ளி எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை. நௌகா பாபுவிடம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சத்தமே வரலை ஓய்." கொஞ்சம் நின்றார். "ஆனா கேட்டுது."

மறுநாள் பந்தியில் ஓர் இலை அதிகமாகப் போட்டிருந்தது. சுவரைப் பார்த்தேன். விதிகள் எல்லாம் அப்படியே இருந்தன. இலை மட்டும் இருந்தது. செக்ரட்டரி வெராந்தாவைப் பார்க்காமல், "இலை போட்டாச்சு, வரலாம்" என்றார்.

"இருக்கட்டும் ஓய்" என்றார் நௌகா பாபு. "இங்கே காத்து நன்னா வரது."

செக்ரட்டரி அதற்கு விதி எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து, தனக்கும் புழுக்கமாக இருப்பதாகச் சொல்லி வெராந்தாக் கதவருகே தன் இலையை நகர்த்திக்கொண்டார். வாசல்படிக்கு உள்ளேதான். அதைத் தாண்டி அவரால் வர முடியவில்லை. ஒரு மனிதர் ஒரு வருஷத்தில் நகரக்கூடிய தூரம் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். நானும் மூன்று நாள் எடுத்துக்கொண்டவன்தானே.

அந்த ஒரு வருஷம் முடிகிற சமயம், கம்பெனியில் நௌகா பாபுவைக் கல்கத்தாவிலேயே தலைமைக் குமாஸ்தாவாக நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். இதைக் கேட்டதும் மெஸ்ஸே அவர் திரும்பிப் போகமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டது. செக்ரட்டரிக்கு அவர்மேல் அக்கறையே வந்துவிட்டது.

"கேளும் ஓய். நடந்தது நடந்துடுத்து. பிராயச்சித்தம்னு ஒண்ணு இருக்கு. நம்மளவாளிலேயே ஒரு நல்ல பொண்ணாப் பாக்கறேன். எதுக்கு அந்தக் கரைக்குப் போகணும்?"

"வாத்தியத்தைத் திருப்பிக் குடுக்கணுமே."

"பூ! பார்சல்லே அனுப்பிச்சுடும்."

நௌகா பாபு சிரித்தார். "பார்சல்லே நான் போக முடியாதே ஓய்."

அவர் அக்கரை போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. மோல்மேன் துறையில் இறங்கியதும் மா மியா அவரைப் பார்க்கவில்லையாம். நேரே கம்பளியைப் பிரித்து, மான் தோலைத் தட்டிப் பார்த்து, பதின்மூன்று நரம்பையும் எண்ணிவிட்டு, அப்புறம்தான் தலையை நிமிர்த்தினாளாம். இரண்டு பேரும் உருப்படியாகத்தான் வந்திருக்கிறார்கள் என்றாளாம்.

கடிதம் வந்தது பிறகு. அவர் கிளம்பிய அன்று காலையில் கங்கைக் கரையில் டாக்டர் பாபு மூன்றாவது கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தார். சாமா புளியோதரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தான். ரங்கூன் கப்பல் சங்கு ஊதியது. ஏணியில் ஏறும்போது நௌகா பாபு திரும்பி என்னிடம் ஏதோ சொன்னார். கூட்டத்தின் கூச்சலில் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. கடிதத்தில் கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை.

அன்று ஆபீசுக்கு அரை நாள் தாமதமாகப் போனேன். எங்கள் பெரிய குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, என்ன காரணம் என்று கேட்டார்.

"எங்க அண்ணா ஊருக்குக் கிளம்பினார் சார். கப்பலேத்தப் போயிருந்தேன்" என்றேன்.

எனக்குக் கூடப் பிறந்த அண்ணா கிடையாது. பொய் சொல்லிவிட்டோமே என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.